யூத வெறுப்பற்ற வளாகம்

அன்றைக்குக் கூட்ட அறையில் இருந்தவர்கள்: கல்லூரி முதல்வர் முனைவர் திருமூர்த்தி, தர உறுதிப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் புவனா, வரலாற்றுத் துறை உதவிப் பேராசிரியர் நஸ்ரியா, வெளி நிபுணர் என்ற பெயரில் அழைக்கப்பட்டிருந்த தன்னம்பிக்கைப் பேச்சாளர் மோகன்குமார், டீ கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்ட அலுவலக உதவியாளர் காளிச்சாமி, கடைசியாக நான், வெ. சுந்தரராஜுலு, வயது எழுபத்தெட்டு, இந்தக் கல்லூரியை நிறுவிய வெங்கடபதியின் மூத்த மகன், அறக்கட்டளை உறுப்பினர். மொத்தம் ஆறு பேர். யூதர் ஒருவரும் இல்லை. யூத வெறுப்பு என்றால் என்ன என்று வரையறுப்பதற்காகக் கூட்டப்பட்ட கூட்டம் அது.

எங்கள் கல்லூரி சூலூர் சாலையில் இருக்கிறது. சாயக்கழிவு நீரைச் சுத்தம் செய்யும் ஆராய்ச்சிக்காக ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் செய்துகொள்ளப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அவர்கள் அனுப்பிய விண்ணப்பத்தில் முப்பத்தொரு கேள்விகள். பதினான்காவது கேள்வி இது: யூத வெறுப்புக்கு உங்கள் நிறுவனம் ஏற்றுக்கொண்டுள்ள வரையறை என்ன? அதை எவ்வாறு அடையாளம் காண்கிறீர்கள்?

முதல்வர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏனுங்க புவனா மேடம், நம்மகிட்ட யூத வெறுப்பு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"ஃபைலுல பாத்துச் சொல்றேனுங்க சார்."

"இல்லீன்னா இன்னிக்கே ஆரம்பிச்சுப்போடலாங்க."

"வெறுப்பையாங்க?"

"கமிட்டியங்க."

அப்படித்தான் அந்தக் குழு உருவானது. என்னை மரியாதைக்காகச் சேர்த்தார்கள். என் வேலை மாலை போடும்போது குனிவதும் நன்றியுரை முடியும்வரை எழுந்து போகாமல் இருப்பதும் மட்டுமே. இரண்டையும் நான் ஒழுங்காகச் செய்துவந்தேன்.

புவனா கெட்டிக்காரப் பெண். வரையறையைப் பத்து நிமிடத்தில் கொண்டுவந்துவிட்டார். ராகிங் தடுப்பு விதிகள் ஏற்கெனவே கணினியில் இருந்தன; அவற்றில் ராகிங் என்று இருந்த இடத்திலெல்லாம் யூத வெறுப்பு என்று மாற்றிவிட்டார். முதல்வர் அதை உரக்க வாசித்தார்: "யூத வெறுப்பு என்பது பெரும்பாலும் விடுதியில் தங்கிப் படிக்கும் முதலாமாண்டு மாணவர்கள் மீது, குளியலறை மற்றும் மொட்டை மாடிப் பகுதிகளில் நிகழ்த்தப்படுகிறது. மூத்த மாணவர்கள் இதை நட்பின் அறிமுகமாகக் கருதும் போக்கு கண்டிக்கத்தக்கது."

யாரும் சிரிக்கவில்லை. மோகன்குமார் மட்டும், "நல்லா கம்ப்ரிஹென்சிவா வந்திருக்குதுங்க" என்றார்.

நஸ்ரியா தன் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். "சார், நான் மூணு வரி எழுதிட்டு வந்திருக்கேனுங்க. யூதர் என்பதற்காகவே ஒருவரை வெறுப்பதும் ஒதுக்குவதும். ஒருவர் செய்ததற்கு எல்லாரையும் பொறுப்பாக்குவதும், எல்லாரும் இப்படித்தான் என்று ஒரே அச்சில் வார்ப்பதும். அவர்களுக்கு நடந்த படுகொலையை இல்லை என்பதும், அதை விளையாட்டுப் பேச்சாக்குவதும். அவ்வளவுதாங்க."

"அம்மிணி, ஐந்நூறு வார்த்தைக்குக் குறையாம எழுதச் சொல்லியிருக்கானுங்க. இதைப் போட்டா அரைப் பக்கங்கூட ரொம்பாது" என்றார் முதல்வர்.

மோகன்குமார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நானொன்னு சொல்றேனுங்க. யூதர்கள்னா லேசுப்பட்டவங்க இல்லீங்க. உலகத்துப் பேங்க் பூராவும் அவங்க கையில. பத்திரிகை அவங்க கையில. பொறக்கறப்பவே மூளைல வியாபாரத்தோட பொறக்கறாங்க. இதை நான் ஊரூராப் போயி பெருமையாத்தானுங்க பேசிட்டிருக்கேன். என்னைய மாதிரி யூதர்களை விரும்பற ஆளு இந்தக் கொங்கு மண்டலத்துலயே கெடையாதுங்க."

"நீங்க சொன்னது அந்த ரெண்டாவது வரியில வருதுங்க சார்" என்றார் நஸ்ரியா.

"பாராட்டுனா அது எப்படீங்க வெறுப்பாகும்?"

"உங்க சனத்துல பொறந்தவங்க எல்லாரும் வட்டிக்கு விட்டே ஊரை வளைச்சுப்போட்டாங்க, பலே கெட்டிக்காரங்கன்னு ஒருத்தரு மேடையில பாராட்டுனா?"

"அது வேறங்க."

"எப்படிங்க வேற?"

"அது எங்களைப் பத்திங்க."

காளிச்சாமி காலிக் கோப்பைகளை எடுக்க வந்ததால் விவாதம் அதோடு நின்றது. அப்போதுதான் நஸ்ரியா நாற்காலியில் சற்றுத் திரும்பி, முதல்வரின் முதுகுக்குப் பின்னாலிருந்த கண்ணாடி அலமாரியைக் காட்டினார். "கடைசி வரிக்கு உதாரணம் இந்த ரூமிலேயே இருக்குதுங்க. கோபிக்காமக் கேக்கணுங்க ஐயா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

அலமாரியில் இருந்தது ஒழுக்கத்தில் முதலிடம் பெறும் வகுப்புக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் சுழற்கோப்பை. இரண்டடி உயரம், வெள்ளி முலாம். 1979இல் பழைய மாணவர்களும் மில் தொழிலாளர்களும் சேர்ந்து செய்துகொடுத்தது. அடியிலுள்ள பித்தளைத் தகட்டில் இப்படிப் பொறித்திருக்கும்: எங்கள் ஹிட்லர் ஐயா சுழற்கோப்பை.

என் தகப்பனாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் நெசவு மில்லில் மாஸ்டராக இருந்து, பிறகு சொந்த மில் வைத்து, அதன் பிறகு கல்லூரி கட்டியவர். காலை ஏழு மணிக்குக் கைக்கடிகாரத்தோடு வாசலில் நிற்பார். ஒரு நிமிடம் தாமதமாக வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்; ஒருமுறை என்னையும் அனுப்பினார். ஒரு ரூபாய் லஞ்சம் வாங்கியதில்லை, கொடுத்ததுமில்லை. எங்கள் பக்கத்தில் கண்டிப்பான தலைமையாசிரியரையும் கண்டிப்பான மாமனாரையும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களோ அதே பெயரால் அவரையும் கூப்பிட்டார்கள். யாரும் அதை வசையாகச் சொல்லவில்லை. அவரும் வசையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது. அதை மறைக்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

"அம்மா, அது என் தகப்பனாருக்கு ஊர் கொடுத்த மரியாதை" என்றேன்.

"தெரியுங்க ஐயா. ஐயா மேல எனக்கு ஒரு குறையும் இல்லீங்க. எங்க அத்தாகூட ஐயா மில்லுல வேலை பார்த்தவருதான். அறுபது லட்சம் பேரைக் கொன்னவன் பேரு நம்மூருல மரியாதைன்னு ஆயிப்போச்சேங்கறதைத்தான் சொல்றேன்."

"இந்த ஊரில் யாரும் யாரையும் கொல்லவில்லை."

"இல்லீங்க. அதனாலதான் நமக்குச் சுலபமா இருக்குது."

நான் எழுந்துவிட்டேன். என் குடும்பத்தைப் பற்றி என் எதிரில் யாரும் அப்படிப் பேசியதில்லை. புவனாவிடம், இந்தப் பேச்சு நடவடிக்கைப் பதிவேட்டில் வரக் கூடாது என்றேன். அவர் எழுதியிருந்த நான்கு வரிகளை என் கண்ணெதிரிலேயே அடித்தார். அடித்தது தெரியாதபடி வெள்ளை மையும் பூசினார். தர உறுதிப் பிரிவில் அந்த வெள்ளை மைக்கென்று ஒரு தனி இழுப்பறையே உண்டு.

அதன் பிறகு குழு வேகம் பிடித்தது.

கல்லூரியில் படிக்கும் இரண்டாயிரத்து முந்நூறு பேருக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். 'நீங்கள் யூதரா? ஆம் / இல்லை / கருத்தில்லை.' நானூற்றுப் பத்துப் பேர் கருத்தில்லை என்று குறித்திருந்தார்கள். மூன்று பேர் ஆம் என்றிருந்தார்கள். விசாரித்ததில் ஒருவன் உதவித்தொகை கிடைக்கும் என்று நினைத்தவன். ஒருவன் எல்லாப் படிவத்திலும் முதல் கட்டத்தையே குறிக்கிறவன். மூன்றாவது ஆள் கருமத்தம்பட்டியைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண், யூதர்கள் பைபிளில் வருவதால் தங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறார்களோ என்று சந்தேகப்பட்டிருக்கிறாள். மூவரின் பெற்றோரையும் வரவழைத்து, மகன் யூதர் இல்லை, மகள் யூதர் இல்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

முதல்வர் அடுத்த கூட்டத்தில் அறிவித்தார்: "யூதர் ஜீரோ. ஆக, பாதிக்கப்பட்டவரும் ஜீரோ. ஆக, வெறுப்பும் ஜீரோ. இந்த மாதிரி ஒரு ரிசல்ட் வெளிநாட்டுல எந்த யுனிவர்சிட்டிக்காச்சும் வந்திருக்குங்களா? நம்மகிட்டதான் அவனுங்க கத்துக்கோணும்."

புகார்ப் பெட்டி வைத்தார்கள். அதில் முதல் மாதம் வந்தவை இருபத்தேழு புகார்கள், இருபத்தேழும் கேன்டீன் சட்னி பற்றியவை. விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்தினார்கள். மோகன்குமார் இரண்டு மணி நேரம் பேசினார். தலைப்பு, 'யூதரைப் போல் யோசி, கோடிகளை நேசி'. பேசி முடித்ததும் அவருக்கு யூத வெறுப்பு ஒழிப்பு நல்லெண்ணத் தூதர் என்ற கேடயம் கொடுக்கப்பட்டது. நான்தான் கொடுத்தேன். குனிந்து மாலையும் வாங்கிக்கொண்டேன்.

ஆனாலும் அடையாளம் காண்கிறீர்களா என்ற கேள்விக்கு ஒரு சம்பவமாவது காட்ட வேண்டுமென்று புவனாவுக்குக் கவலை. அந்தக் கவலை தீர ஒரு நாள் கல்லூரிப் பேருந்து நிறுத்தத்தில் இரண்டு சுவரொட்டிகள் கிடைத்தன. காசாவில் செத்துப்போன குழந்தைகளுக்காக மாணவர்கள் கையால் எழுதி ஒட்டியவை. ஒன்றில் குழந்தைகளின் வயதுகள் மட்டும் வரிசையாக இருந்தன. மற்றதில், யூதர்கள் எல்லாருமே கொலைகாரர்கள் என்று இருந்தது.

குழு கூடுவதற்கு முன்பே நஸ்ரியா போய் இரண்டாவதைக் கிழித்துவிட்டு, எழுதியவர்களைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். முதலாவதை விட்டுவிட்டார்.

முதல்வருக்கு இது பொறுக்கவில்லை. "ஒரு போஸ்டரைக் கிழிக்கறீங்க, ஒன்னை உட்டுப்போடறீங்க. எதாச்சும் ஒரு பக்கம் நில்லுங்க அம்மிணி."

"நின்னுட்டுத்தாங்க இருக்கேன். ஒரு சர்க்கார் குண்டு போடறதை ஏன்டான்னு கேக்கலாங்க. செத்த கொழந்தைக்கு அழுகலாங்க. அதுக்காக எங்கியோ இருக்கற ஒரு யூதக் கிழவியையும் கொலைகாரின்னு எழுதக் கூடாதுங்க. பசங்களுக்கு அஞ்சு நிமிசத்துல புரிஞ்சுது."

"உங்களுக்கு இதுல சொந்த அபிப்பிராயம் எதுவும் இல்லீங்களே?" என்று மோகன்குமார் இழுத்தார். அவர் எதைக் கேட்கிறார் என்பது அறையிலிருந்த எல்லாருக்கும் தெரிந்தது.

"நீங்க கேட்டதுக்கும் ஒரு வரையறை எழுதலாங்க சார். அதுக்கு வேற கமிட்டி போடோணும்" என்றார் நஸ்ரியா.

முடிவில் இரண்டு சுவரொட்டிகளும் சேர்த்துக் கோப்பில் வைக்கப்பட்டன. சம்பவம் எண்ணிக்கை: ஒன்று. அடையாளம் கண்டவர்: முதல்வர். மறுவாரம் நுழைவாயிலில் நாற்பதடி ஃபிளெக்ஸ் ஏறியது. 'யூத வெறுப்பற்ற வளாகம்.' அதில் முதல்வரின் படம் பெரிதாகவும் என் தகப்பனாரின் படம் மூலையில் சிறிதாகவும் இருந்தன.

மார்ச் மாதம் ஆண்டு விழாவுக்கு அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து பேராசிரியர் ரூத் கெஸ்லர் வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சாய வேதியியல் படித்தவர். வந்த அன்றே வெயிலில் நொய்யல் ஆற்றின் கரையோரம் நடந்து, நான்கு இடங்களில் தண்ணீர் மொண்டு பாட்டில்களில் அடைத்துக்கொண்டார். பதினான்காவது கேள்வியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது அவர்கள் அலுவலகம் அனுப்பும் படிவம், தனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். அவர் யூதர் என்பது முதல்வருக்கு விழாவன்று காலையில்தான் தெரிந்தது. உடனே பூங்கொத்தின் அளவைக் கூட்டினார்.

மேடையில் என் இருக்கை அவருக்குப் பக்கத்தில். பரிசளிப்பு ஆரம்பமானது. மாணவர் படையின் பேண்டு வாத்தியம் முழங்க, ஒலிபெருக்கியில் புவனா அறிவித்தார்: "இந்த ஆண்டின் ஹிட்லர் ஐயா சுழற்கோப்பையை, இரண்டாமாண்டு கணினி அறிவியல் 'பி' பிரிவுக்கு, நமது சிறப்பு விருந்தினர் தம் பொற்கரங்களால் வழங்குவார்."

தமிழ் தெரியாதவருக்கும் அந்த ஒரு சொல் தெரியும். அவர் கழுத்து விறைத்ததை நான் பார்த்தேன்.

முதல்வர் கோப்பையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்து அவர்முன் நீட்டினார். வகுப்பின் பிரதிநிதி லோகப்பிரியா படியேறி வந்து கை நீட்டி நின்றாள். புகைப்படக்காரர், "மேடம், இப்படிக் கொஞ்சம் சிரிங்க" என்றார். ரூத் கெஸ்லர் எழுந்து நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். தகட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்ததைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என் தகப்பனார். அவரை ஊரார் அழைத்த பெயர்."

"அவருக்கு வேறு பெயர் இல்லையா?"

"வெங்கடபதி."

"அது ஏன் இதில் இல்லை?"

நாற்பத்தைந்து வருடம் அந்தக் கோப்பையைப் பார்த்திருக்கிறேன். எங்கள் குலத்தில் ஒருவருடைய பெயரைத் தப்பாகச் சொன்னவனோடு மூன்று தலைமுறை பேசாமல் இருந்திருக்கிறோம். என் அப்பாவின் பெயர் அவர் நினைவுக் கோப்பையில் இல்லை என்பது அதுவரை என் கண்ணில் படவில்லை.

"என் அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர்" என்றார் அவர். குரல் உயரவில்லை. "அப்பா ஒருவர்தான் அந்த யுத்தத்தைத் தாண்டி வந்தார். நான் இதைத் தொடப்போவதில்லை. அந்தப் பெண்ணுக்குக் கை கொடுக்கிறேன், அவள் ஒரு தப்பும் செய்யவில்லையே." லோகப்பிரியாவின் கையைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்தார். கோப்பையை முதல்வரே அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். பேண்டு இன்னொரு முறை முழங்கியது.

மறுநாள் காலை அவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். "தண்ணீர் கெட்டிருப்பது உண்மைதானே" என்று மட்டும் சொன்னார். விமான நிலையத்துக்குக் கார் கிளம்பியதும் குழு கூடியது. அதே ஆறு பேர்.

விழாவில் நடந்தது சம்பவமா இல்லையா என்பதுதான் கூட்டத்தின் பொருள். புவனா விதிகளை வாசித்தார். பாதிக்கப்பட்டவர் முதலாமாண்டு மாணவராகவும் விடுதியில் தங்கியவராகவும் இருக்க வேண்டும். விருந்தினர் தங்கியது விருந்தினர் இல்லம். எழுத்துமூலம் மூன்று பிரதிகளில் புகார் வேண்டும். ஒரு பிரதிகூட வரவில்லை. ஆக, சம்பவம் இல்லை.

"கையெழுத்தும் ஆயிருச்சுங்க, இனி எதுக்குக் கெளறோணும்?" என்றார் முதல்வர். "இருந்தாலும் முன்னெச்சரிக்கையா ஒன்னு பண்ணிப்போடலாங்க. எச்சுன்னா ஹானஸ்டி. ஐயின்னா இன்டெக்ரிட்டி. டின்னா டைமிங். எல்லுன்னா லாயல்டி. ஈன்னா எக்ஸலன்ஸ். ஆருன்னா ரெஸ்பெக்ட். நடுவுல புள்ளி மட்டும் வெச்சுப்போட்டா ஆரு கேக்க முடியும்?"

மோகன்குமார் கை தட்டினார்.

நடந்ததைப் பற்றிப் புவனா தயாரித்திருந்த அறிக்கையின் மூன்றாம் பத்தியை முதல்வர் வாசித்தபோது நான் நிமிர்ந்தேன். 'நிறுவனர் உலக நடப்பு அறியாத எளிய மனிதர் என்பதால் இப்பெயரின் பின்னணி அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.' என் தகப்பனார் தினமும் இரண்டு செய்தித்தாள் வாசித்தவர். யுத்தம் முடிந்தபோது அவருக்கு இருபத்து மூன்று வயது. தெரியாமல் இருந்தார் என்று நான் சொல்ல மாட்டேன். தெரிந்தது, நமக்கென்ன என்று இருந்தார். நானும் அப்படித்தான் இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வலித்தது. ஆனால் அவரை முட்டாளாக்கிக் காப்பாற்றுவதை நான் அனுமதிப்பதற்கில்லை.

நான்காம் பத்தி நஸ்ரியாவுக்கு விளக்கம் கேட்கும் குறிப்பாணை. 'வரலாற்றுத் துறையைச் சேர்ந்தவராக இருந்தும், கோப்பை குறித்து அவர் குழுவை முன்கூட்டியே எச்சரித்ததற்குப் பதிவேட்டில் எந்த ஆதாரமும் இல்லை.'

நஸ்ரியா என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அவர் முதல் கூட்டத்திலேயே எச்சரித்தார்" என்றேன். "அடிக்கச் சொன்னது நான். அந்தப் பதிவேட்டை வெளிச்சத்தில் பிடித்தால் நான்கு வரியும் தெரியும். குறிப்பாணை கொடுப்பதானால் எனக்குக் கொடுங்கள்."

"ஐயா, உங்களுக்கு எப்படீங்க? நீங்க ஸ்டாஃப் இல்லீங்களே, ஃபார்மட்டே கெடையாதுங்க" என்றார் முதல்வர், உண்மையான வருத்தத்தோடு.

"காளிச்சாமி, ஸ்குரூ டிரைவர் இருக்கிறதா?"

"எடுத்துட்டு வாரேனுங்க."

கோப்பையைக் கணினி அறிவியல் வகுப்பிலிருந்து கொண்டுவரச் சொன்னேன். நான்கு திருகாணிகள். ஒன்று துருப்பிடித்துக் கொஞ்சம் முரண்டு பிடித்தது. யாரையும் உதவிக்கு விடவில்லை. முதல்வர் குழுவின் ஒப்புதல் வேண்டுமே என்றார். ஒரு துணைக்குழு அமைக்கலாமா என்று புவனா மெதுவாகக் கேட்டார். நான் திருகிக்கொண்டிருந்தேன். தகடு கழன்றதும் அந்த இடத்தில் மட்டும் வெள்ளி கறுக்காமல் இருந்தது. மறுவாரம் சென்று வெங்கடபதி என்ற புதுத் தகட்டை நானே பொருத்தினேன். அவருக்குப் பிடித்த பெயரை அவர் மகன் எடுத்துவிட்டான். அதற்கு அவரிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

குறிப்பாணை திரும்பப் பெறப்பட்டது. ஃபிளெக்ஸ் இன்னும் இருக்கிறது. அதை எடுக்கும் விதி எதுவும் இல்லையாம்.

அந்த வெளிநாட்டு அம்மாள் மேடையில் அழுததாகவும், அவர் வற்புறுத்தியதால், ஒப்பந்தம் கைநழுவிவிடும் என்று பயந்து நான் தகட்டைக் கழற்றியதாகவும் சூலூரிலிருந்து காந்திபுரம் வரை பேசுகிறார்கள். அவர் அழவில்லை. கழற்றச் சொல்லி யாரையும் கேட்கவில்லை. ஒப்பந்தம் காலை ஒன்பதரைக்குக் கையெழுத்தானது. நான் தகட்டைக் கழற்றியது மாலை நான்கு மணிக்கு.